நாலு பேரும் நாலு மீட்டர் மலையும்!

வாக்கிங் என்பது இப்போதெல்லாம் ஒரு மாத்திரை. காலை ஒரு வேளை, காபிக்கு முன். டாக்டர் எழுதிக் கொடுக்கிறார், நாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறோம். கையில் கட்டிய கடிகாரம் வேறு, 'இன்னும் 1,200 அடி பாக்கி' என்று வட்டிக்கடைக்காரர் மாதிரி மிரட்டுகிறது. பூங்காவை ஒன்பது சுற்று சுற்றுகிற ஆசாமியை நிறுத்தி, அங்கே என்ன மரம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "மரமா? எங்கே?" என்பார்.

நான் சொல்ல வந்தது வேறு நடை. எங்கேயும் போய்ச் சேரவேண்டிய கட்டாயம் இல்லாத நடை. இதற்கு மூன்று சாமான்கள் வேண்டும். ஒரு காடு, ஒரு கடல், நம் யோக்கியதை முழுக்கத் தெரிந்த சிநேகிதர்கள். மூன்றாவது எல்லோருக்கும் உண்டு. முதல் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் சிரமம். ஊட்டியில் கடல் இல்லை. மெரினாவில் காடு இல்லை, சுண்டல்தான்.

தமிழ்நாட்டு மேப்பை எடுத்து, சென்னையிலிருந்து கடலோரமாகவே விரலை இறக்கிக்கொண்டு வாருங்கள். பாண்டிச்சேரி, கடலூர், நாகப்பட்டினம்... அதற்குக் கீழே கொஞ்ச தூரம் போனதும் விரல் சடாரென்று மேற்கே திரும்பும். அந்த மூக்குதான் கோடியக்கரை. பேச்சுவழக்கில் கோடிக்கரை. வெள்ளைக்காரன் வைத்த பெயர் பாயிண்ட் காலிமர். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் ஜலசந்தி, முதுகுப்பக்கம் காடு. வேதாரண்யத்திலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர்.

கடந்த ஜூன் மாதம், முதல் ஞாயிறு. கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னது. வெயிலுக்கு இன்னும் சர்க்குலர் போய்ச் சேரவில்லை. நாலு பேர் கிளம்பினோம்.

நாலு பேரும் பி.காம். ஒரே பெஞ்ச். பட்டம் வாங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. தலைமுடிக்கு டெப்ரிசியேஷன் ஆரம்பித்துவிட்டது. ஒருவனுக்கு ஸ்ட்ரெய்ட் லைன் மெத்தட், வருஷா வருஷம் சம அளவு. இன்னொருவனுக்கு முதல் மூன்று வருஷத்திலேயே முழு ரைட் ஆஃப். பெயர் போட்டு எழுதினால் என் வீட்டுக்கே வந்து உதைப்பார்கள். ஆகையால் உத்தியோகத்தாலேயே அழைக்கிறேன். முதலாமவன் பேங்க். இரண்டாமவன் மெடிக்கல் ரெப், சுருக்கமாக ரெப். மூன்றாமவன் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர்.

வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. பேங்க் தினமும் காலை ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' போடுவான். ரெப் ஜோக் போடுவான். நான் கட்டுரை போடுவேன் (யாரும் படிப்பதில்லை). மேனேஜர் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். இப்படித்தான் எங்கள் நட்பு வளர்ந்துகொண்டிருந்தது.

"இந்த மாசத்துல பறவையே இருக்காதேடா" என்றான் பேங்க், வண்டியில் ஏறும்போதே. வாஸ்தவம். பூநாரைகளும் மற்ற வெளிநாட்டு விருந்தாளிகளும் அக்டோபர் வாக்கில் வந்து மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ந்த இடம் இது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் முதன்முதலில் அந்தப் பெருமை பெற்ற நீர்நிலம் இதுதான். நாங்கள் போனது ஆஃப் சீசன். பறவைகளும் லீவு, கூட்டமும் லீவு. நமக்கு அதுதானே வேண்டும்?

கிளையில் தொங்கிய சோறு

வேதாரண்யத்தில் டீ குடித்துவிட்டு, மத்தியானத்துக்கு வாழையிலையில் எலுமிச்சம் சாதமும் தயிர் சாதமும் கட்டி வாங்கிக்கொண்டோம். வழியில் அகஸ்தியம்பள்ளி. சாலைக்கு இரு பக்கமும் உப்பளம். தமிழ்நாட்டில் உப்புக்குத் தூத்துக்குடிக்கு அடுத்தபடி இந்தப் பக்கம்தான். காலை வெயிலில் பாத்திகள் கண்ணாடியாய் மின்னிக்கொண்டிருந்தன.

உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண் அருகே வண்டியை நிறுத்தினோம். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியில் கிளம்பினார். பதினைந்து நாள், சுமார் 150 மைல் நடந்து வேதாரண்யம் வந்தார். ஏப்ரல் 30-ம் தேதி உப்பு அள்ளிக் கைதானார்.

"நூத்தம்பது மைலா! எங்க கம்பெனியா இருந்தா டி.ஏ. கிளெய்மே ஒரு லட்சம் வந்திருக்கும்" என்றான் ரெப்.

இந்த நடையில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. தொண்டர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, அவர்கள் வருகிற வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். போட்டவர் யார் என்று கேஸ் எழுத முடியாது. மரத்தையா கைது செய்வது? கொடுத்த கையைக் காட்டிக்கொள்ளாத உதவி. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கறுப்புக் கோட்டு வக்கீல்கள்

சரணாலய வாசலில் வனத்துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். காவலர் அண்ணன் ஒருவர் கூட வந்தார். "சத்தம் போடாம வாங்க தம்பி. பிளாஸ்டிக் ஏதும் இருந்தா இங்கயே குடுத்துருங்க" என்றார். ரெப்பிடமிருந்து மட்டும் பதினோரு பொருட்கள் பறிமுதலாயின.

கோடிக்கரைக் காடு, சினிமாக் காடு மாதிரி இருக்காது. வானத்தை முட்டும் மரம் இல்லை, அருவி இல்லை. குட்டையான, அடர்த்தியான காடு. ஆனால் ஜூன் மாதத்திலும் பச்சை! சுற்றிலும் உப்புச் சேறு, காலடியில் கடல் மணல். பிறகு எப்படி? இந்தக் காடு நிற்பது பழைய மணல்மேடுகளின்மேல். மழைநீர் மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. அந்த நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் மரங்கள் கோடையைத் தள்ளுகின்றன. சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிற காடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கே பெரிய மனிதர் பாலை மரம். மெதுவாக வளரும், இரும்பு மாதிரி கட்டை. அப்பேர்ப்பட்ட மரங்களையே 2018 நவம்பர் 16-ம் தேதி கரையேறிய கஜா புயல் வேரோடு சாய்த்துவிட்டது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே வந்த புயலுக்கு இந்தக் காடுதான் முதல் கதவு.

"மறுநாள் உள்ள வந்து பார்த்தா காட்டையே காணும் தம்பி. வெட்டவெளியா நின்னுச்சு" என்றார் காவலர். விழுந்து கிடந்த ஓர் அடிமரத்தைக் காட்டினார். அதன் தூரிலிருந்து, ஆள் உயரத்துக்கு நாலைந்து புதுக் கிளைகள். "செத்துருச்சுன்னுதான் நெனச்சோம். விட்டுட்டா அதுபாட்டுக்குத் துளிர்த்துக்குது."

மேனேஜர் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றான். ரெப்பின் செல்போன் அதுவரை ஏழு தடவை அடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் விடாத ஏரியா மேனேஜர். பேங்குக்கு மூன்று அழைப்பு. மேனேஜருக்கு ஒன்றும் வரவில்லை. "குடுத்து வெச்சவன்டா நீ" என்றான் ரெப். மேனேஜர் சிரித்தான்.

மரங்கள் விலகி, புல்வெளி திறந்தது. அங்கே நின்றன வெளிமான்கள். 1967-ல் இந்த இடத்தைச் சரணாலயம் ஆக்கியதே இவற்றுக்காகத்தான். பெண் மான் பழுப்பு. ஆண் மானுக்கு மேலே கறுப்பு, கீழே வெள்ளை, முறுக்கிய கொம்பு. ஹைகோர்ட் வாசலில் நிற்கிற சீனியர் வக்கீல் தோரணை. தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஆண் எட்டிப் பார்த்தால் முட்டித் துரத்துமாம்.

"வக்கீல் இல்லடா, பிராஞ்ச் மேனேஜர்" என்றான் பேங்க், அனுபவஸ்தன் குரலில்.

கொஞ்சம் தள்ளிக் குதிரைகள். யாருக்கும் சொந்தமில்லாத, காட்டிலேயே பிறந்து வளர்ந்த மட்டக் குதிரைகள். பார்க்க அழகுதான். ஆனால் மானுக்கும் குதிரைக்கும் ஒரே புல். போதாததற்குச் சீமைக்கருவேலம் வேறு புல்வெளியை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது. மானுக்கு வந்த கஷ்டம் நம்முடையது மாதிரியேதான் இருக்கிறது. வருமானம் அதே, பங்குக்கு ஆள் கூடுதல், வீட்டின் பரப்பளவு குறைவு.

அப்புறம் மலையேற்றம்! கோடிக்கரையின் சிகரம் ராமர் பாதம். உயரம், கடல் மட்டத்துக்கு மேல் முழுசாக நாலு மீட்டர். ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமலேயே நால்வரும் ஏறினோம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். மேலே கல்லில் ராமர் பாதம் பதித்த சின்ன மண்டபம். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. நாலு மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் தட்டை என்பதால், மேலே போனதும் காட்டின் தலை தெரிகிறது, அதற்கப்பால் வெளுத்த வானம். உயரம் என்பது பக்கத்தில் இருப்பதைப் பொறுத்த விஷயம் போலும்.

வாயை மூடும் பழம்

காட்டை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். ரெப்பின் பொட்டலத்தை ஒரு குரங்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது (கேட்காமல்). மூன்றை நாலாக்கிச் சாப்பிட்டோம்.

சாலையோரத்தில் ஓர் அம்மா பாலப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். பாலை மரத்துப் பழம். மஞ்சளாய், வேப்பம்பழம் அளவில், தேனாய் இனிக்கும். கோடைக் கடைசியில்தான் கிடைக்கும். ஆளுக்கு ஒரு கைப்பிடி வாயில் போட்டோம். "நெறைய திங்காதிய தம்பி, ஒட்டிக்கும்" என்றார் அந்த அம்மா. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பழத்தில் இருக்கிற பால் பசை மாதிரி உதட்டை ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் ரெப் பத்து நிமிஷம் தொடர்ந்து பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். இப்பழத்தைக் கணவன்மார்களும் மேலதிகாரிகளும் உள்ள இடங்களில் அரசாங்கமே விநியோகிக்கலாம்.

மர நிழலில் ஒரு குட்டித் தூக்கம். வெயில் இறங்கியதும் குழகர் கோயில். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்த ஊர் பூங்குழலியின் ஊர். 1950-லிருந்து 54 வரை தொடராக வந்தபோது, கோடிக்கரைக் காட்டையும் சதுப்பு நிலத்தையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளையும் வாராவாரம் படித்துத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு.

எனக்குப் பூங்குழலியைவிட இன்னொரு கதை பிடிக்கும். பெரியபுராணத்தில் வருவது. சுந்தரரும் சேரமான் பெருமாளும் நெருங்கிய சிநேகிதர்கள். இருவருமாகச் சேர்ந்து ஊர் ஊராகப் போனபோது இங்கேயும் வந்தார்கள். சுற்றிலும் காடு, பக்கத்தில் கடல் காற்று, நடுவே தன்னந்தனியாகச் சிவபெருமான். சுந்தரருக்குத் தாங்கவில்லை. 'இப்படித் துணையில்லாமல் தனியாக இருக்கிறாயே' என்று கடவுளைப் பார்த்தே வருத்தப்பட்டுப் பதிகம் பாடினார். வரம் கேட்கப் போனவர், விசாரித்துவிட்டு வந்தார். சிநேகிதன் என்றால் அதுதான். தம்பிரான் தோழர் என்று சும்மாவா பெயர்!

ஆபீஸைத் திட்டாத மனிதன்

ஐந்து மணிக்குக் கடற்கரை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் பரபரப்பு இல்லை. காற்று மட்டும் பலமாக அடித்தது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கலங்கரை விளக்கம் இங்கே இருந்தது. 2004 சுனாமியில் இடிந்துபோனது. 1998-ல் கட்டிய புது விளக்கம் காட்டுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நாலு பேரும் வரிசையாக நடந்தோம். ரெப்புக்கு உதடு விடுதலையாகி, அவன் மேனேஜரிடம் "உங்க ஆபீஸ்ல ஆடிட் முடிஞ்சுதாடா?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

மேனேஜர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் ஆபீஸ் போறதில்லைடா."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. யாருமே போகலை."

"ஏப்ரல் ஒண்ணாந்தேதியிலேருந்து."

ரெப் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பாலப்பழம் தேவைப்படவில்லை.

கம்பெனியில் புது சாஃப்ட்வேர் வந்தது. ஆறு பேர் செய்த வேலைக்கு இரண்டு பேர் போதும் என்று ஆனது. இவன் போதாத நாலு பேரில் ஒருவன். வீட்டில் சொல்லவில்லை. தினமும் எட்டரை மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி, லைப்ரரியில் உட்கார்ந்து, ஆறரைக்கு வீடு திரும்புகிறான். மாசக் கடைசியில் தன் டெபாசிட்டை உடைத்து வீட்டுக் கணக்குக்கு மாற்றி, பக்கத்தில் 'சாலரி' என்று எழுதிவிடுகிறான். கணக்கு டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டு வைக்க சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று இருக்கிறது, பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். இவன் இரண்டு மாசமாக அதிலேயே குடியிருந்திருக்கிறான்.

கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. யாரும் 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று சொல்லவில்லை. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று.

முதலில் பேங்க்தான் வாயைத் திறந்தான். "ஹவுசிங் லோன் டியூ ஏதாவது நின்னிருக்கா?"

"இந்த மாசத்துலேருந்து நிக்கும்."

"தொண்ணூறு நாள் தாண்டினா என்.பி.ஏ. ஆயிடும். அதுவரைக்கும் ஒளிஞ்சுக்காதே. உன் பேங்குக்கு இப்பவே நேரா போய் நிலைமையைச் சொல்லி எழுதிக் குடு. தவணையை மாத்தித் தர முடியுமான்னு கேளு. முன்கூட்டி வர்றவன்கிட்ட பேச வழி இருக்கு. காணாமப் போறவன்கிட்டதான் நோட்டீஸ் பேசும்."

"எனக்குத் தெரிஞ்ச ஸ்டாக்கிஸ்ட் ஒருத்தர் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட ஆள் தேடறார்டா" என்றான் ரெப். "பெரிசா தரமாட்டார். ஆனா மாசா மாசம் தருவார்."

"அதெல்லாம் சரி. வீட்ல எப்படிடா சொல்றது?"

இதற்குத்தான் மூவரிடமும் விடை இல்லை. ரெப் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. உன் வீட்டம்மா போன வாரம் என் வீட்ல போன் பண்ணிச்சாம். 'அவர் ரெண்டு மாசமா ஆபீஸைத் திட்டவே இல்லைக்கா. எனக்குப் பயமா இருக்கு'ன்னுச்சாம்."

மேனேஜர் நின்றுவிட்டான். முதலில் சிரித்தான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மணல்" என்றான். காற்று பலமாகத்தான் இருந்தது. நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

செல்போனைத் தூக்கிப் பிடித்து, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி, தனியாகக் கலங்கரை விளக்கப் பக்கம் நடந்தான். நாங்கள் மூவரும் கடலில் என்னமோ முக்கியமாக இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிஷம் கழித்து வந்தான்.

"என்னடா சொல்லிச்சு?"

"திட்டினா. அழுதா. அப்புறம் 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டாடா."

இதைக் காபி ஷாப்பில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தால் அவன் சொல்லியிருப்பானா? மாட்டான். எதிரே ஒரு முகம் இருந்தால் நம் முகத்தையும் சரிசெய்துகொள்ளத் தோன்றும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போதும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்வைக்குக் கடல் இருக்கிறது, காலுக்கு மணல் இருக்கிறது. நேரம் நிறைய இருக்கிறது. உள்ளே கிடப்பது அதுபாட்டுக்கு வெளியே வருகிறது. ஐந்து மணிக்கு அந்தப் பேச்சு வருவதற்கு, காலையிலிருந்து ஒன்றுமில்லாத விஷயங்களை நாலு பேரும் பேசித் தீர்த்திருக்க வேண்டும்.

மேனேஜருக்கு முழுநேர வேலை இன்னும் கிடைக்கவில்லை. மூன்று கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறான். பழைய சம்பளத்தில் பாதி வருகிறது. அவன் பெண்ணின் முதல் டேர்ம் பீஸை யாரோ கட்டிவிட்டார்கள். ரெப்பைக் கேட்டால் பேங்க் என்கிறான், பேங்க்கைக் கேட்டால் ரெப் என்கிறான். மரக்கிளைப் பொட்டலம்! கேஸ் எழுத முடியாது.

நீங்களும் ஒரு ஞாயிறு போய்வாருங்கள். பறவை வேண்டும் என்றால் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள். பாலப்பழம் வேண்டும் என்றால் கோடைக் கடைசி. சென்னை, திருச்சியிலிருந்து வேதாரண்யம் வந்துவிட்டால் அங்கிருந்து பஸ் உண்டு. திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி ரயில் பாதையும் 2023-ல் அகலப்பாதையாகித் திரும்ப வந்துவிட்டது. தண்ணீரும் தொப்பியும் அவசியம். காட்டுக்குள் வனத்துறை சொல்கிற வழியில் மட்டும் நடங்கள். குரங்குக்கு எதையும் நீட்டாதீர்கள், அது எடுத்துக்கொள்ளத் தெரிந்த ஜீவன்.

உங்கள் குரூப்பிலும் ஒருவன் இருப்பான். எதற்கும் பதில் எழுதாமல் கட்டைவிரலை மட்டும் காட்டுகிறவன். அவனை மறக்காமல் அழைத்துப் போங்கள்.

பாலப்பழம் மட்டும் ஆளுக்கு நாலுக்குமேல் வேண்டாம். சாயங்காலம் பேசவேண்டியிருக்கும்.